மாமாவின் இடப்பக்கத்துக் காலடிகள்

என் மாமாவுக்குக் கண் தெரியாது. ஆனாலும் அவரிடம் ஒளிந்து விளையாட முடியாது; மூச்சுச் சத்தத்தை வைத்தே வந்து காதைத் திருகிவிடுவார். ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் பதினெட்டு வருஷமாக வேலை. "ஹலோ" என்று சொல்லி முடிப்பதற்குள் எந்த டாக்டர், யார்மேல் கோபம் என்று கண்டுபிடித்துவிடுவார்.

வீட்டுக்கு வந்தால் ஒரே ஒரு வீடியோ கேம். சுரங்கத்துக்குள் ஒரு வாள்வீரன். காலடி கேட்கும் பக்கம் வெட்ட வேண்டும், அம்பு சீறும் பக்கம் கேடயத்தைத் திருப்ப வேண்டும். இயர்போனை மாட்டிக்கொண்டு காதாலேயே விளையாடுவார். கண் தெரிந்த நான் அவரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

போன மாதம் அந்தப் பழைய கேம் பெட்டி மண்டையைப் போட்டது. கம்ப்யூட்டரை அதே பெட்டி மாதிரி நடிக்க வைக்கும் எமுலேட்டர் ஒன்றை நான்தான் இறக்கிக் கொடுத்தேன். காசு கிடையாது. எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதுவது. யாரும் உள்ளே பார்க்கலாம், குறை சொல்லலாம், திருத்தலாம்.

முதல் நாளே மாமா செத்துப்போனார். விளையாட்டில்தான். இடப்பக்கம் எதிரி நிற்க, வலப்பக்கச் சுவரை வெட்டிக்கொண்டிருந்தார்.

"அடியே, இயர்போனை மாத்தி வச்சியா?"

சந்தேகம் நியாயம்தான். சர்க்கரை டப்பாவில் உப்பு, அவருடைய கைத்தடியில் சைக்கிள் மணி என்று என் வரலாறு அப்படி.

"சத்தியமா இல்ல மாமா."

"நீ சத்தியம் பண்ணாத்தான் எனக்குப் பயமே."

இயர்போனை அவரே மாற்றி மாட்டினார். இப்போது காலடி சரியாகக் கேட்டது. ஆனால் அம்பு தப்பான பக்கம் சீறியது. மறுபடியும் செத்தார்.

அதன்பின் இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள், அம்மா குளிக்கப் போன சமயம் பார்த்து என்னிடம் கிசுகிசுத்தார்.

"அக்காகிட்ட சொல்லிடாத. வெள்ளிக்கிழமைக்குக் காது டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"எந்தச் சத்தம் எந்தப் பக்கம்னே புரியமாட்டேங்குது. இந்த ரெண்டு காதை வச்சுத்தான் போர்டுல உக்காந்திருக்கேன். அதுவும் போச்சுன்னா..."

மாமா பாதியில் நிறுத்தி நான் கேட்டதே இல்லை. அந்தப் பெட்டியைப் பற்றி எமுலேட்டர்காரர்கள் எழுதி வைத்ததைப் படிக்க உட்கார்ந்தேன். பத்தாவதில் கோட்டை விட்ட ஆள் நான்; வரிக்கு நான்கு முறை அகராதி தேடினேன்.

"மாமா, அந்தப் பெட்டியில சத்தத்துக்கு ரெண்டு சிப்பாம். ஒண்ணு காலடிக்கு, இன்னொண்ணு அம்புக்கு."

மாமா தலையை நிமிர்த்தினார். "ரெண்டா? அப்ப ஒண்ணு மட்டும் பக்கம் மாறியிருக்கலாமே! அந்தப் பழைய பெட்டிய எடு."

கழற்றினோம். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரே கம்பி இணைப்பில் வைத்தால் 'பீப்' என்று கத்தும். எமுலேட்டர்காரர்கள் போட்டிருந்த சிப்புப் படத்தைப் பார்த்து நான் இடம் சொன்னேன். அவர் விரலால் தடவி முனையை வைத்தார். அம்புச் சிப்பில் இடப்பக்கச் சத்தத்துக்கான கால், பெட்டியிலிருந்து அந்தச் சத்தம் வெளியேறும் இடது துளை: பீப். காலடிச் சிப்பின் இடது கால், இடது துளை: சத்தமே இல்லை. முனையை வலது துளைக்கு நகர்த்தினார்.

பீப்.

"இன்னொரு தடவை," என்றார். பீப். "இன்னொரு தடவை."

பெட்டியைச் செய்தவர்களே காலடிச் சிப்பின் இரண்டு இணைப்புகளையும் இடம் வலமாக்கியிருக்கிறார்கள். கேம் எழுதியவர்களும் அதற்கேற்ப எழுதிவிட்டார்கள். எமுலேட்டர்காரர்களோ சிப்புப் புத்தகத்தில் இருந்தபடி ஒழுங்காகச் செய்து வைத்திருந்தார்கள்.

"அப்ப தப்பையும் தப்பில்லாமச் செய்யணும் போல."

"உனக்குன்னே செஞ்ச வேலைடி."

போட்டோவோடு எழுதி அனுப்பினோம். மறுநாள் பதில் வந்தது. ஒருவர் தன் பெட்டியிலும் சோதித்துப் பார்த்தாராம், சரிதானாம். ஒரே ஒரு வரியைத் திருத்திப் புதிய பதிப்பும் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு கேள்வி: ஒன்பது வருஷமாக யாருக்கும் தெரியாதது உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

"நீங்கல்லாம் பாத்துக்கிட்டு இருந்தீங்கன்னு எழுது," என்றார் மாமா.

எழுதினேன். அவர் அதற்குள் காது டாக்டரின் நம்பரைப் போட்டுவிட்டார்.

"வெள்ளிக்கிழமை டோக்கன் வேணாம்மா... இல்லம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல. பொட்டிக்குத்தான் காது கேக்கல."

போனை வைத்துவிட்டு இயர்போனை மாட்டினார். சாப்பிடச் சொல்லி அம்மா மூன்று தடவை கூப்பிட்டாள். அவர் காதில் விழவே இல்லை. நானும் தட்டிச் சொல்லவில்லை.