விரிக்காத குடை

ஏறாவூர் பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது ஸாலிஹாவின் கண்ணுக்கு முதலில் படுவது கால்தான். முகம் அதற்குப் பிறகு. மீன் பெட்டியோடு போகிற இர்ஷாத்தின் வலது குதி தேய்ந்திருக்கிறது. எதிரே வருகிற டீச்சரின் புதுச் செருப்பு கடிக்கிறது. யாராவது ஸலாம் சொன்ன பிறகுதான் தலை நிமிரும். "ஸாலிஹா மிஸ் நிலத்துல என்னத்தப் போட்டுட்டுத் தேடுறா?" என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். "ஒங்கட காலத்தான்" என்பாள்.

வயது நாற்பத்தெட்டு. முன்பு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்தவள். இப்போது வாவிக்கரைப் பக்கமாக உள்ள பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றில் வேலை. மூளை உடம்பை எப்படி அசைக்கிறது, அதற்கு நோய் வந்தால் நடை எப்படி மாறுகிறது என்று அங்கே பார்க்கிறார்கள். வருகிறவர்களின் கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள், மணிக்கட்டு எங்கும் சுண்டங்காயளவு மினுங்கும் உருண்டைகளை ஒட்டுவது ஸாலிஹாவின் பொறுப்பு. சுவரிலுள்ள கெமராக்கள் அந்த உருண்டைகளை மட்டுமே பிடிக்கும். திரையில் ஆள் இருக்காது, புள்ளிகள் மட்டும் எழுந்து நடந்து போகும்.

மட்டக்களப்பு வெயிலுக்கு எந்தப் பசையும் நிற்பதில்லை. அதனால் அவளுடைய கைப்பையில் எப்போதும் சாறன் துணித் துண்டுகள் இருக்கும். கணவர் ஆதம்பாவாவின் புடவைக்கடையில் மிஞ்சியவை. ஒவ்வொரு மூட்டாகத் துடைத்து, ஊதி, பிறகுதான் ஒட்டுவாள்.

அடுத்த தொல்லை எண்ணெய். மூளையின் மின்னசைவைப் பிடிக்க வயர்கள் பொருத்திய தொப்பியொன்றைத் தலையில் மாட்ட வேண்டும். நம்முடைய ஆட்களுக்கோ டொக்டர்மாரிடம் போவதென்றால் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிப் போவதுதான் மரியாதை. எண்ணெய்த் தலையில் அந்த வயர்களுக்கு ஒன்றும் எட்டாது.

"எண்ண வெக்க வேணாம் எண்டு போன்ல சொன்னன்தானே?"

"பேருக்குக் கொஞ்சம் தடவின மிஸ். பரட்டத் தலையோட கெம்பஸுக்குள்ள வாறதா?"

ஸாலிஹா ஏசமாட்டாள். மூலையில் வாளியும் ஷம்பூவும் தயாராக இருக்கும். பெண்களின் தலையை அவளே கழுவிவிடுவாள். ஆண்களைக் குழாயடிக்கு அனுப்பி, வாசலில் நின்று, "காதுக்குப் பின்னால, காதுக்குப் பின்னால" என்று சத்தம் போடுவாள்.

எண்ணெய் போனாலும் வெட்கம் போகாது. கெமராவுக்கு முன்னால் யாரும் தம்முடைய நடையை நடப்பதில்லை. இளவட்டங்கள் பொலிஸ் அணிவகுப்புப் போல நடப்பார்கள், பெண்கள் கல்யாணப் பெண்ணாகிவிடுவார்கள். கரடியனாற்றில் வயல் செய்கிற கோணாமலை, பக்கவாதம் வந்து தேறியவர், சாமி தூக்குகிறவரைப் போல நெஞ்சை நிமிர்த்தி அடி வைத்தார்.

"அண்ணன், வட்டைக்குள்ள வரம்புல எப்பிடிப் போவீங்க? அப்பிடி நடங்களன்."

"வரம்புல ஆரு தங்கச்சி என்னயப் பாக்கிற?" என்றார் கோணாமலை.

அதற்கென்று ஸாலிஹா வைத்திருக்கும் வழி ஒன்று உண்டு. உருண்டையைக் கழற்றும்வரை கெமரா ஓடும் என்று தொடக்கத்திலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுவாள். அது ஒருவருக்கும் நினைவில் நிற்காது. நாலைந்து தடவை நடக்கவிட்ட பிறகு பெருமூச்சோடு, "முடிஞ்சி. அந்தக் கதவடியில தேத்தண்ணி வெச்சிரிக்கி, எடுத்துக்கிட்டு வாங்க" என்பாள். கோணாமலையின் நெஞ்சு இறங்கியது. கோப்பையோடு திரும்பி வரும்போது வலது கால் விரல்கள் தரையை இலேசாக உரசின. திரையில் அவருடைய புள்ளிகள் முதல் தடவையாக உண்மையைச் சொல்லின.

இதையெல்லாம் இரவுச் சாப்பாட்டில் நடித்துக் காட்டுவாள். ஆதம்பாவாவுக்குச் சிரித்துப் புரையேறும். "நீ சரியான கள்ளி புள்ள. தேத்தண்ணியக் காட்டி ஆக்களப் புடிக்கிறாய்."

நோன்புப் பெருநாள் கழிந்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டார். ஸாலிஹா வாசலில் நின்று பார்த்தாள். பார்க்கவேண்டுமென்று நினைத்துப் பார்க்கவில்லை, கண் பழகிவிட்டது. வலது கை வீசிக்கொண்டு போனது. இடது கை கொடியில் காயப்போட்ட துணிபோலத் தொங்கியது. அந்தக் கையால்தான் ஒரு காலத்தில் புடவைக் கட்டை ஒரே வீச்சில் மேசை நீளத்துக்கு உருட்டிவிடுவார். வலியில்லாத கை நடையில் வீசாமல் நின்றால் அது எந்த நோயின், எந்த வருத்தத்தின் தொடக்கமாக இருக்கக்கூடும் என்று அவளுக்குத் தெரியும். அன்று சமைத்த ஆணத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

"கை என்னவும் செய்யுதா?"

"ராவு சரிஞ்சி படுத்தது. வலியொண்ணுமில்ல."

அதற்குப் பிறகுதான் அந்தக் குடை வந்தது. மழைக்கும் விரிக்கமாட்டார், வெயிலுக்கும் விரிக்கமாட்டார். கடைக்குப் போனாலும் பள்ளிவாசலுக்குப் போனாலும் இடது கையில் மடித்த குடை. "குட பிடிக்கிற கை வீசாதுதானே" என்று தனக்குள் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். சமாதானம் ஒரு கிழமைகூட நிற்கவில்லை.

ஆய்வுகூடத் தலைவி டொக்டர் தக்ஷாயினியிடம் ஒரு நாள் வாய்விட்டாள். "மெடம், ஒராள்ர இடக் கை வீசுதில்ல. வலியும் இல்லையாம்."

"ஆர்ர கை?"

"தெரிஞ்ச ஒராள்ர."

தக்ஷாயினி கணினியிலிருந்து கண்ணை எடுத்தார். "ஸாலிஹா, அவரக் கூட்டி வாங்க. இஞ்ச நடக்கட்டும். ஆனா எங்கட புள்ளிகள வெச்சி வருத்தம் இதுதான் எண்டு சொல்ல ஏலா. நரம்பு கிளினிக்குக்கு நான் கதைக்கிறன். பிந்தக்கூடாது."

கிளினிக் என்றால் ஆதம்பாவா வரமாட்டார். கடைசியில் ஸாலிஹா இப்படிச் சொன்னாள்: "வருத்தக்காரரோட ஒப்பிட்டுப் பாக்க, ஒங்கட வயசில ஆக்கள் தேவையாம்." அது பொய்யில்லை. ஆனாலும் சொல்லும்போது சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மறுப்பார் என்றுதான் நினைத்தாள். அவர் "எண்ண வெக்கக் கூடாது, என்ன?" என்று மட்டும் கேட்டார்.

புதன்கிழமை வந்தார்கள். மணிக்கட்டில் உருண்டை ஒட்டும்போது அந்தக் கையின் இறுக்கம் அவளுடைய விரலுக்குத் தெரிந்தது.

"குடயத் தாங்க."

"அது இரிக்கட்டுமே. பாரமா?"

"இஞ்சாருங்க, குடையோட நடக்க ஏலா."

தந்தார். நடந்தார். இரண்டு கையும் ஒரே அளவாக, பள்ளிக்கூடப் பிள்ளை அணிநடை போவது போல வீசின. போனார், வந்தார், மறுபடி போனார். கடை பூட்டிய பிறகு உள்ளே தனியாக நடந்து பழகியிருக்கிறார் என்று அவளுக்கு விளங்கியது. திரையைப் பார்க்க அவளால் முடியவில்லை. தக்ஷாயினி பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சி" என்றாள் ஸாலிஹா. "கதவடியில தேத்தண்ணி வெச்சிரிக்கி."

ஆதம்பாவா கதவடிக்குப் போய்க் கோப்பையை எடுத்தார். அங்கேயே நின்றார்.

"இப்பத்தானே படம் எடுப்பாய்?"

அவள் உருண்டைப் பெட்டியை மூடித் திறந்தாள். "ஓம்."

"வேணாம் எண்டா நிப்பாட்டுவியா?"

"நிப்பாட்டுவன்."

கோப்பையில் ஒரு வாய் குடித்தார். "சீனி போடல்ல நீ" என்றார். பிறகு நடந்து வந்தார். இந்தத் தடவை இடது கையை அதன் போக்கில் விட்டுவிட்டார். அது அசையாமல் பக்கத்தில் தொங்கியபடி வந்தது. கிட்ட வந்ததும், "பாத்தியா?" என்றார்.

"பாத்தன்."

"எப்ப இருந்து?"

"பெருநாளுக்குப் பொறகு. நீங்க?"

"நோன்புக்கு முன்ன. நீ பயந்திருவாய் எண்டு சொல்லல்ல."

அடுத்த செவ்வாய் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருப்பதாகத் தக்ஷாயினி சொன்னார். ஆதம்பாவா தலையாட்டினார். ஸாலிஹா உருண்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பசை இருந்த இடங்களைச் சாறன் துண்டால் துடைத்துவிட்டாள். இடது மணிக்கட்டை அவர் உடனே இழுத்துக்கொள்ளவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே பஸ் தரிப்பிடத்தில் நல்ல வெயில். குடை அவளிடம் இருந்தது. அதை வாங்க அவர் வலது கையைத்தான் முதலில் எடுத்தார். என்ன நினைத்தாரோ, அதை இறக்கிவிட்டு இடது கையை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்து ஏறாவூர் பஸ் வந்து நின்றது. "கெதியா ஏறுங்க, கெதியா ஏறுங்க" என்று நடத்துநர் தகரத்தில் தட்டினார். கை மெதுவாக, இடையில் நின்று நின்று வந்துகொண்டிருந்தது. ஸாலிஹா ஓரடியும் முன்னால் வைக்கவில்லை. அது வந்து சேரட்டுமென்று குடையை நீட்டியபடியே நின்றாள்.