மிஸ்ஸுக்கு வந்த மிஸ்டு கால்

இரண்டாம் வகுப்பு டீச்சரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பால்காரர் முதல் மாடிவீட்டு மாமா வரை எல்லோருக்கும் அவள் 'மிஸ்'தான். "கல்யாணம் ஆகாதவளைத்தான் இங்கிலீஷ்ல மிஸ்னு சொல்லுவாங்க" என்று சித்தி ஒருத்தி குத்திக்காட்டியபோது, "அப்போ பொருத்தமாத்தான் கூப்பிடுறாங்க" என்று சிரித்து மழுப்பிவிட்டாள்.

அம்மா போனபின் வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மதியம் சாப்பிட்டதும் மகளுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரு ரிங், உடனே கட். சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம்.

அன்று ஆங்கிலப் பாடம். முன்பல் விழுந்த வாயாடி ஒருத்தி எழுந்தாள்.

"மிஸ், மிஸ்னா என்ன மிஸ்?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"பஸ்ஸைக் கோட்டை விட்டா, மிஸ் பண்ணிட்டோம்னு சொல்லுவோம். ஒருத்தர் பக்கத்துல இல்லாம மனசு ஏங்கினாலும் அதே வார்த்தைதான்..."

மேஜைமேல் போன் அதிர்ந்தது. அப்பா. ஆனால் ஒரு ரிங்கோடு நிற்கவில்லை. கட் பண்ண மறந்துவிட்டார் போல என்று நினைத்து, போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மணி அடித்தபின் திருப்பிக் கூப்பிட்டாள். எடுத்தது மாடிவீட்டு மாமா.

"அப்பாவுக்கு நெஞ்சுவலிம்மா. ஆஸ்பத்திரிக்கு வந்துடு."

அவள் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

எல்லாம் முடிந்து பள்ளிக்கு வந்த அன்று, வாயாடிதான் முதலில் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "உங்களை மிஸ் பண்ணோம் மிஸ்! கரெக்டா சொன்னேனா?"

"கரெக்ட்" என்று தலையாட்டினாள். போர்டு பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த போர்டைத் துடைத்தாள்.

சாயங்காலம் மாடிப்படியில் மாமா உட்கார்ந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளும் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

"நான் அப்பவே எடுத்திருக்கணும் மாமா."

"எடுத்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரேம்மா."

"காப்பாத்தறதுக்கு இல்ல மாமா. என்னப்பான்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். என் குரலாவது அவர் காதுல விழுந்திருக்கும்."

மாமாவுக்கு எழுந்து போக மனம் வரவில்லை. இருட்டும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.