மோட்டார் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு

மரக்காணத்து உப்பளம் ஒன்றில் மோட்டார் போடுவது என் சித்தப்பாவின் வேலை. போடுவார், பாத்தியில் தண்ணீர் ஏறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், பிறகு அணைப்பார். அந்த உட்கார்ந்திருத்தல்தான் முதலாளியின் கண்ணை உறுத்தியது.

"சும்மா குந்தினு இருக்கறதுக்கு ஒரு ஆளா? தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, ஒரு மிஷின் செஞ்சு குடு" என்றார்.

சித்தப்பாவின் பிழைப்புக்கு வேட்டு வைக்கிறோம் என்று தெரிந்தேதான் தலையாட்டினேன். என்னைக் கேட்டார்களே என்ற பெருமை. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நகத்தளவு சிப் ஒன்றுக்கு நிரல் எழுதினேன். மோட்டாரைப் போடு, பல லட்சம் வரை சும்மா எண்ணு, அணை, மறுபடியும் எண்ணு. எண்ணி முடிக்கிற நேரம்தான் தண்ணீர் ஏறுகிற நேரம். நிரலை மிஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரில் போட்டால், சிப்பில் இடம் போதவில்லை என்று பாதியிலேயே நின்றது. நிரலைச் சுருக்கித் தரும் ஆப்டிமைசேஷன் ஃபிளாக் ஒன்றைச் சேர்த்தேன். கச்சிதமாக அடங்கியது.

அளத்தில் கொண்டுபோய் மாட்டினால், மோட்டார் ஓடியது, நின்றது, ஓடியது, நின்றது. ஜன்னி கண்டதுபோல உதறியது. மோட்டாருக்குச் சாமி வந்துவிட்டதென்று முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

ஒரு முழுப் பகல் வரப்பில் உட்கார்ந்து தேடினேன். இப்படி எண்ணுவதால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை என்று கம்பைலர் தானாகவே முடிவுசெய்து, எண்ணுகிற பகுதியை அடியோடு நீக்கியிருந்தது. ஃபிளாகை எடுத்தால் இடமில்லை, போட்டால் காத்திருப்பு இல்லை. கம்பைலரும் முதலாளியும் கூடப்பிறந்தவர்களோ என்று எரிச்சலாக வந்தது.

வெளியே தெரிகிற வேலை என்றால் மட்டும் அது கைவைக்காது. அதனால் எண்ணும்போதெல்லாம் ஒரு சிவப்பு விளக்கு மின்னும்படி எழுதினேன். மோட்டார் சாதுவானது.

"இந்த லைட்டு எதுக்கு தம்பி?"

"எண்ணுதுன்னு காட்டறதுக்குங்க. மின்னலேன்னா பழையபடி உதறும்."

முதலாளி தாடையைச் சொறிந்தார். "அப்போ மின்னுதான்னு பாக்க ஒரு ஆள் வேணுமே."

சித்தப்பா அதற்குள் விளக்கின் எதிரில் உட்கார்ந்துவிட்டார். மிஷின் நனையக்கூடாது என்று முதலாளி ஒரு கூரை போட்டார். இத்தனை வருஷம் வெயிலில் காய்ந்தவருக்கு அதில் நிழலும் கிடைத்தது.

சில நாள் கழித்துத்தான் படித்தேன்: நிரலில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதுமாம், கம்பைலர் எண்ணிக்கையைத் தொடாது, விளக்கே தேவையில்லை. சித்தப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"படிச்சத அப்படியே மறந்துடுடா" என்றார்.