புரட்டாதியில் ஒரு கலியாணம்

லீவுப் பட்டியல் குளிர் அறைக் கதவில் காந்தத்தால் ஒட்டியிருக்கும். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில், முதியோர் இல்லங்களுக்குச் சாப்பாடு சமைத்து அனுப்பும் பெரிய சமையற்கூடம் அது. சாப்பாட்டை வான் வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். மற்றவர் ஐம்பத்தெட்டு வயது நோர்வேக்காரர். இருவரும் ஒரே நேரத்தில் லீவில் நிற்கக்கூடாது. மார்ச் முடிவதற்குள் பெயரை எழுதிவிட வேண்டும். அதற்குப் பிறகு மாற்றுவதென்றால் எங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டும்.

2006ஆம் ஆண்டுப் பட்டியலில் செப்டெம்பரின் பின் பாதியில் அவர் தன் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தார். ஜூனில் அதன்மேல் பேனையால் எழுதினார். அன்றைக்குக் கேக்கும் கொண்டுவந்தார். பிறந்தநாளா என்று கேட்டேன். இல்லை, குலுக்கலில் பெயர் விழுந்துவிட்டது என்றார். கொலராடோ மலையில் வில்லால் மான் வேட்டையாட அனுமதி. ஐந்து வருடமாக விண்ணப்பித்துக் கிடைக்காதது.

நோர்வேயில் வில்லால் வேட்டையாடச் சட்டம் விடாது. ஒவ்வொரு ஒக்டோபரிலும் துப்பாக்கியோடு காட்டுக்குப் போவார். ஆனால் மனம் முழுக்க வில்லில். முப்பது வருடமாக ஒரு கழகத்தில் சேர்ந்து, காட்டோரம் நிறுத்திவைத்த ரப்பர் மிருகங்களை எய்துகொண்டிருந்தவர். அமெரிக்கர் எல்க் என்று சொல்வது நோர்வேக் காட்டில் திரியும் எல்க் அல்ல என்பதையும் அவர்தான் எனக்குச் சொன்னார். அது செம்பழுப்பு நிறமான பெரிய மான். ஆணின் கொம்பு ஓர் ஆள் உயரத்துக்குக் கிட்ட வரும்.

ஏன் சரியாக அந்த இரண்டு கிழமை என்று கேட்டேன். யாழ்ப்பாணத்தில் நான்கு வருடம் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். எதையும் ஏன், எப்போது என்று கேட்டுவைக்கும் பழக்கம் போகவில்லை. அவர் காலிப் பால்பெட்டி ஒன்றை மானாகவும் தன் தேநீர்க் குடுவையை வேட்டைக்காரனாகவும் தரையில் வைத்து விளக்கினார். துப்பாக்கிக்கு இருநூறு மீற்றர் தூரம் ஒரு பொருட்டில்லை. வில்லுக்கு மான் முப்பது மீற்றருக்குள் வரவேண்டும். சும்மா நாளில் அது வராது. மணம் பட்டாலே போய்விடும். செப்டெம்பர் தொடக்கத்தில் வெயிலுக்குப் பயந்து உயரத்தில் அடர்மரங்களுக்குள் படுத்துக்கிடக்கும், குரலே கொடுக்காது. மாதத்தின் நடுவில் இணைதேடும் வெறி ஏறும். பெண்மான்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஆண்மான் கத்தும். இன்னோர் ஆணின் குரல் கேட்டால் சண்டைக்கு நேரே வரும். வேட்டைக்காரன் ஒரு குழாயை ஊதி அந்தக் குரலைக் கொடுப்பான். மாதம் முடிய வில்லின் காலமும் முடிந்துவிடும். எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது பத்து நாள்.

பால்பெட்டியைக் குடுவைக்குப் பக்கத்தில் நகர்த்திவிட்டு, "இவ்வளவு கிட்ட," என்றார். இதையெல்லாம் விளங்கிக்கொண்டுதான் நான் கேக்கைச் சாப்பிட்டேன்.

ஜூலையில் ரொறன்ரோவிலிருந்து கடிதம் வந்தது. பழைய பத்திரிகையில் வேலைசெய்தவர்கள் ஒன்றுகூடுகிறார்கள், செப்டெம்பர் கடைசிப் பகுதியில் ஒரு சனிக்கிழமை. எனக்கும் பொன்னாடை போர்த்துவார்கள். அதற்கு மூன்று நாள் லீவு போதும். எனக்கு இரண்டு கிழமை வேண்டியிருந்தது. அண்ணன் வீட்டில் தங்கி, பழைய ஆட்களைச் சந்தித்து, என்னைப் பற்றி நாலு பேர் கதைப்பதை ஆறுதலாகக் கேட்க வேண்டியிருந்தது.

பொன்னாடைக்காகப் போகிறேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. தங்கையின் மகளுக்குக் கலியாணம் என்றேன். மருமகள் அப்போது பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள்.

நாளை மாற்ற முடியாதா என்று கேட்டார். எங்களுக்கு நாளைக் குறிப்பது பஞ்சாங்கம், செப்டெம்பர் இருபதை விட்டால் அடுத்த வருடம்தான் என்றேன். அவர் கையிலிருந்த ஒட்டுநாடாவைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டு நின்றார்.

"மான்களும் அந்தக் கிழமைதான் கலியாணம் செய்கின்றன," என்றார். "ஆனால் அவை அழைப்பிதழ் அச்சடிக்கவில்லை. உன்னுடையதுதான் முதலில்."

பட்டியலில் தன் பெயரை வெள்ளை மையால் அழித்துவிட்டு, மாதத்தின் முன் பாதியில் எழுதினார்.

சலாட் பகுதியில் ஒரு தமிழ்ப் பெண் வேலைசெய்தார். வடகோடியில் பாட்ஸ்பியோர்டில் பத்து வருடம் மீன் வெட்டிவிட்டுத் தெற்கே வந்தவர். அடுத்த நாள் அவித்த முட்டைகளை உரித்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணை, மருமகளுக்குக் கலியாணமாம்?"

"ஓம்."

"எப்ப?"

"இருபதாந் திகதி."

"புரட்டாதியிலையோ?"

"கனடாவிலை உதெல்லாம் பாக்கிறேல்லை. கலியாண ஹோல் கிடைக்கிற நாள்தான்."

"அப்ப ஐயரும் ஹோலோடை சேர்ந்து வாறவராக்கும்," என்றார். அடுத்த முட்டையை எடுத்தார்.

புரட்டாதியில் எங்கள் ஆட்கள் கலியாணம் வைப்பதில்லை. பிறர் எழுதிய திகதிகளைச் சரிபார்ப்பது ஒரு காலத்தில் என் வேலை. சொந்தப் பொய்யில் அதைக்கூடச் செய்யவில்லை. அந்தப் பெண் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு பல தடவை நினைத்தேன். அப்போது நினைத்தது, எப்படியோ தப்பிவிட்டேன் என்று.

ஓகஸ்ட் கடைசியில் அவர் ஒரு சிறு பொதியைத் தந்தார். மணப்பெண்ணுக்கு என்றார். சீஸ் சீவும் கரண்டி. நோர்வேயில் கலியாணத்துக்கு அதைக் கொடுக்காத வீடில்லை. கடையில் வாங்கியதென்றால் வைத்துவிட்டு மறந்திருப்பேன். இதன் கைபிடி எல்க் கொம்பில் அவரே செதுக்கியது. அதை மோர்டென்ஸ்ருட்டில் என் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

செப்டெம்பர் பதினைந்தாம் திகதி அவர் வேலைக்குத் திரும்பினார். மறுநாள் எனக்குப் பயணம். மூக்கும் காதுகளும் வெயிலில் உரிந்திருந்தன. பதினொரு நாள் மலையில் கோடை வெயில், ஒரு குரல் இல்லை என்றார். குழாயை ஊதி ஊதி உதடு வீங்கியதுதான் மிச்சமாம். கடைசி விடியலில் கூடாரத்தைச் சுருட்டும்போது, இரண்டு பள்ளத்தாக்குக்கு அப்பால் ஓர் ஆண்மான் கத்தியது. சிறிது நேரத்தில் இன்னொன்று பதில் கொடுத்தது. அன்று பத்து மணிக்கு அவர் விமான நிலையத்துக்கு வெளிக்கிட வேண்டியிருந்தது.

"தொடங்கிவிட்டது," என்றார். "அதைக் கேட்டதே பெரிய விஷயம். நீ நேரத்தோடு போய்ச் சேர்."

அவர் குரலில் எங்கேயாவது கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இருக்கவில்லை.

ரொறன்ரோவில் பதினெட்டுப் பேருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் பதினொன்றாவது. அறிவிப்பாளர் நான் ஏழு வருடம் பணியாற்றியதாக வாசித்தார். நான் திருத்தவில்லை. மேடையில் நின்றது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மண்டபத்துக் கடிகாரத்தில் ஏழரை. கொலராடோவில் ஐந்தரை, மான்கள் மரங்களுக்குள்ளிருந்து வெளியே வரும் நேரம் என்று அவர் சொல்லியிருந்தார். கைதட்டல் அடுத்தவருக்குப் போய்விட்டது.

திரும்பி வந்ததும் கலியாணப் படம் கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன். அவர் பிறகு கேட்கவில்லை.

அடுத்த மார்ச்சில் புதுப் பட்டியல் தொங்கியது. அவர் எழுதுமுன் என்னிடம் வந்து, இந்த முறையும் செப்டெம்பரில் உங்கள் வீட்டில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, நீங்கள் எழுதுங்கள் என்றேன். குளிர்காலத்தில் அவருக்கு வலது தோளில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. வில்லை இனி இழுக்க முடியாது, துப்பாக்கியைத் தாங்குவதற்குத்தான் கை உதவும் என்று, வானிலை சொல்வது போலச் சொன்னார். ஒக்டோபரில் பெயரை எழுதினார். செப்டெம்பரின் பின் பாதியில் நானும் எழுதவில்லை. அந்த இரண்டு கட்டமும் வெள்ளையாகவே கிடந்தன. அந்த நாட்களில் இருவரும் வேலையில் நின்றோம்.

செப்டெம்பர் இருபது வியாழக்கிழமை. காலையில் ரயிலில் வரும்போது சொல்ல வேண்டிய வசனத்தை ஒழுங்குபடுத்தினேன். ஒரு கலியாணமும் நடக்கவில்லை. மூன்று சொல், ஒரு தலைப்பின் அளவு. நோர்வே மொழியிலும் சொல்லிப் பார்த்தேன்.

பின்னேரம் வெறும் தட்டங்களை வானிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தோம். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மணி. அங்கே இப்போது விடியத் தொடங்கும் என்றார். நான் கையிலிருந்த தட்டத்தைக் கீழே வைத்தேன்.

அவர் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இன்றைக்குத்தானே? இருபதாம் திகதி. உன் மருமகளுக்கு ஒரு வருடம். வாழ்த்துகள்."

முழங்கை உடம்போடு ஒட்டியிருக்க, நெஞ்சுக்குமேல் உயராத அந்தக் கையை நீட்டினார். நான் அதைப் பிடித்துக் குலுக்கி, நன்றி என்றேன்.