அத்தானின் கணினியை நான் சரிசெய்த கதை

அத்தானின் கணினித் திரையில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு கறுப்பு அம்புக்குறி நிற்பதைப் பார்த்துவிட்டு, "வைரஸ் புகுந்திருச்சு அத்தான்" என்று தீர்ப்புச் சொன்னவன் நான். கூச்சமே இல்லாமல் சொன்னேன். குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்ற பட்டம் எனக்கு இருந்தது. கல்லூரியில் தமிழ் நடத்துகிறவனுக்கு அது எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை. என் ஞானம் மொத்தமும் ஒரே வரிதான்: எது கோணலாகத் தெரிந்தாலும் செட்டிங்ஸுக்குள் போய், பழையபடி நூறு சதவீதத்தில் வைத்துவிட வேண்டும்.

அத்தான் என் அக்காவின் கணவர். திருவரங்குளத்தில் வீட்டிலிருந்தபடியே பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார். நிலம் விற்கிறவரும் வாங்குகிறவரும் முன்னறை பெஞ்சில் அமர்ந்திருக்க, கணினியில் அடித்து அச்செடுத்த கிரயப் பத்திரத்தை அவர் உரக்கப் படிப்பார். இன்னார் வயலுக்கு மேற்கு, வாய்க்காலுக்குத் தெற்கு என்று நான்கெல்லை சொல்லும்போது குரலில் ஓதுவார் சாயல் வந்துவிடும். சர்வே எண்ணில் ஓர் எட்டு மூன்றாகிவிட்டால் ஒருவருடைய நிலம் எழுத்தில் இன்னொருவருக்குப் போய்விடும் என்பதால், எண்ணை மட்டும் இரண்டு முறை படிப்பார். தான் எழுதிய எதற்கும் இதுவரை பிழைதிருத்தல் பத்திரம் போட நேர்ந்ததில்லை என்பதுதான் அவருக்கிருந்த ஒரே கர்வம்.

ஞாயிறுதோறும் புதுக்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் போவேன். போனதும் திரையைப் பார்ப்பேன். எழுத்தெல்லாம் சுவர் விளம்பரம்போல் வீங்கிக் கிடக்கும். நூறில் வைத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுத் திரும்புவேன். அடுத்த வாரம் பார்த்தால் முன்பைவிட ஒரு சுற்றுப் பெருத்திருக்கும்.

"யாரு அத்தான் இதைத் தொட்டது?"

"அதுவா மாறிக்கிது மாப்ளே. கரண்டு வந்து வந்து போகுதுல்ல."

மின்வெட்டுக்கும் எழுத்தின் பருமனுக்கும் என்ன உறவு என்று ஒரு கணமாவது யோசித்திருக்கலாம். நான் யூ.பி.எஸ். வாங்கச் சொன்னேன். பாவம், வாங்கினார்.

ஐந்தாறு மாதம் இப்படியே போயிற்று. ஒரு ஞாயிறு, கிளம்பிப் பாதி வழியில் கண்ணாடியை மறந்தது நினைவுக்கு வந்து திரும்பினேன். முன்னறையில் அத்தான் திரையில் மூக்கு படும்படி குனிந்திருந்தார். பக்கத்தில் ஒரு நோட்டு. அதில் ஸ்கெட்ச் பேனாவால் பக்கத்துக்கு நாலே வார்த்தையாக, எந்தப் பொத்தானை எத்தனை தடவை அழுத்த வேண்டும் என்று எழுதியிருந்தது. விரல்களால் விசைப்பலகையைத் தடவி, ஒன்று இரண்டு என்று முணுமுணுத்தபடி அழுத்தினார். வேறு ஏதோ திறந்தது. மூடிவிட்டு முதலிலிருந்து எண்ணினார். மறுபடியும் தவறியது. மூன்றாவது தடவை எழுத்துகள் பெருத்தன. நாற்காலியில் சாய்ந்து, வெகுதூரம் நடந்து வந்தவர்போல மூச்சு விட்டார்.

என் காலடி கேட்டுத் திரும்பினார். "யாருங்க? பத்திரமா? நாளைக்கு வாங்களேன்" என்றார்.

எங்களுக்கு நடுவில் நாலடிகூட இருக்காது.

"நான்தான் அத்தான்."

நோட்டை மூடி வைத்தார். "பாத்துட்டியாக்கும்" என்றார். "நீ நூறுல வச்சுட்டுப் போயிருவ. அந்த எடத்தத் திரும்பத் தடவிப் புடிக்கிறதுக்குள்ள எனக்குப் பொழுது சாஞ்சுருது மாப்ளே."

"சொல்லியிருக்கலாமே அத்தான்?"

"ஒங்கிட்டச் சொன்னா ஒங்கக்காகிட்டச் சொன்ன மாதிரி. கண்ணு தெரியாத மனுசன் ஊரார் நெலத்த எழுதலாமாம்பா. அவ கேக்குறது நாயந்தான். அதான் பயமா இருக்கு."

அன்றைக்குத்தான் முதன்முறையாக, உங்களுக்கு எப்படி வேண்டும் என்று அவரைக் கேட்டேன். பின்னணியைக் கறுப்பாக்கி, எழுத்தை வெள்ளையாக்கினேன். "இன்னும் கொஞ்சம்... இன்னும்... அங்கிட்டு நிறுத்து" என்று பின்னால் நின்று சொன்னார். அம்புக்குறியையும் வெள்ளையாக்கி, இன்னும் தடிமனாக்கினோம். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் குரலை எடுத்துக் காட்டியபோது குழந்தைபோலச் சிரித்தார். "ஒங்கக்கா மாதிரியே மூச்சு விடாமப் பேசுறாளே!"

மறுநாள், அக்காவிடம் ஏதோ ஒரு வேலையைச் சொல்லிவிட்டு, புதுக்கோட்டையில் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கிறது, போன பார்வை திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார். அத்தான் கேட்டது ஒன்றே ஒன்று: "எழுதலாமாங்க?" எழுதலாம், ஆனால் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் அத்தான் முகம் தொங்கிவிட்டது. அந்த வீட்டில் இன்னொருவர் என்றால் அக்காதான்.

அதன்பின்னும் சில வருடங்கள் எழுதினார். அவர் போன பிறகு அந்தக் கணினி என் மேசைக்கு வந்தது. எழுத்தின் அளவில் நான் கை வைக்கவில்லை. பாசம் என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன். என் கண்ணும் இப்போது அந்த அளவைத்தான் கேட்கிறது என்பது வேறு விஷயம். அத்தானைப் பார்த்த மருத்துவர் அன்று என்னைத் திட்டவில்லை. அந்த ஐந்தாறு மாதத்தில் அவர் பார்வை எவ்வளவு போயிருக்கும் என்று நான்தான் அவ்வப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். விடை வருவதில்லை.

அன்று மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததும், அக்காவிடம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அத்தான் சட்டையைக்கூடக் கழற்றாமல் முன்னறையில் உட்கார்ந்துவிட்டார். அடுக்களையில் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் மனத்துக்குள் எழுதித் திருத்திய முன்னுரையை ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கறிவேப்பிலைய ஒதுக்காமத் திங்க ஆரம்பிச்சாரே, அன்னைக்கே தெரியும்டா. ஆசுபத்திரிக்குப் போவமான்னு எத்தனை தடவ கேட்டேன், எனக்கென்ன கேடுன்னுட்டாரு. சரி, அந்த மனுசன் பேரு கெடக் கூடாதுல்ல? அச்செடுத்து வச்சுட்டுக் குளிக்கப் போவாருல்ல, அப்ப மூலப் பத்திரத்தோட ஒத்துப் பாத்து, தப்பிருந்தா நானே திருத்தி வேற எடுத்து வச்சுருவேன்."

"ஒனக்குக் கம்ப்யூட்டர் தெரியுமாக்கா?"

அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"மத்த நாள்ல ஒண்ணு ரெண்டு தப்புதான் இருக்கும். ஞாயித்துக்கெழம நீ வந்துட்டுப் போனீன்னா, திங்கக்கெழம பத்து இருக்கும்."