முந்திரிக்கொட்டையின் ஆராய்ச்சி

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. யாராவது வாயைத் திறந்தால் போதும், மீதியை இவள் முடித்துவிடுவாள். "நீயே பேசு தாயி, நாங்க கேட்டுக்கிறோம்" என்று அப்பா கையெடுத்துக் கும்பிடுவார். பாதி நேரம் தப்பாகத்தான் முடிப்பாள், அசரமாட்டாள். வளர்ந்து, மொழியியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு அந்தக் கெட்ட பழக்கத்தையே பிழைப்பாக்கிக்கொண்டாள். கேட்கிறவர் மனசு வார்த்தைக்காகக் காத்திருப்பதில்லை, முன்னால் ஓடிப்போய் நிற்கிறது என்பது அவள் கட்சி.

அதை நிரூபிக்கத்தான் பல்கலைக்கழகத்தில் ஜன்னல் இல்லாத அந்த அறை. திரையில் குடை, சாவி, கோப்பை, நாய் என்று படங்கள். ஹெட்போனில் ஒரு குரல் வாக்கியத்தைச் சொல்லும். சொல் வருமுன்பே கண் சரியான படத்துக்குத் தாவுகிறதா என்று திரைக்கடியில் ஒரு கேமரா பார்க்கும். மாதக்கணக்காகியும் ஒரு கண்ணும் தாவவில்லை. வெள்ளிக்கிழமை துறைத்தலைவர் வருகிறார். காட்ட ஒன்றுமில்லையென்றால் அறை கைமாறிவிடும்.

வியாழக்கிழமை சோதனைக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை. விருந்தாளியாக வந்திருந்த தங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"யாருக்கா இவன், ரயில் வர்றதச் சொல்ற மாதிரி பேசுறான்?" தங்கை ஹெட்போனைக் கழற்றினாள். "தூக்கம் வருது. நீயே சொல்லேன்."

அதே வாக்கியத்தை அக்கா எதிரே உட்கார்ந்து சொன்னாள். "வெளிய மழை கொட்டுது. கிளம்புறப்ப நான் மறக்காம எடுத்துக்கிட்டது..."

"குடை. நீ எங்க எடுத்த? நாந்தான எடுத்தேன்."

அக்கா அதற்குள் கணினிப் பக்கம் திரும்பிவிட்டாள். கேமராப் பதிவை ஓட்டிப் பார்த்தாள். மழை என்றதுமே தங்கையின் கண் குடையில் போய் உட்கார்ந்திருந்தது.

ரயில் நிலையக் குரலோடு யார் மனசு ஓடும்? முகம் பார்த்துப் பேசுகிறவரோடு அல்லவா ஓடும்! நடைபாதையில் போனவர்களையெல்லாம் இழுத்துவந்து எதிரே உட்கார்ந்து பேசினாள். கண்கள் தாவின, தாவிக்கொண்டே இருந்தன.

வெள்ளிக்கிழமை துறைத்தலைவர் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "இந்த அறைய உங்ககிட்டேருந்து..."

அவள் மனசு அதற்குள் ஓடிப்போய் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டது. நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"...எடுக்கிற பேச்சே இல்ல" என்றார் அவர். "பக்கத்து அறையும் சும்மாதான் கிடக்கு. வேணும்னா அதையும்..."

"எடுத்துக்கிறேன்" என்றாள் முந்திரிக்கொட்டை.