எங்கள் பக்கத்துப் பாட்டு

டென்மார்க்கில் ஒருவர் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட முடியாது. இது எனக்குத் தெரியாமல் போயிற்று. என்னோடு காற்றாலைகளில் பழுது பார்க்கும் மாட்ஸ் தன் கல்யாண அழைப்பை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தான். வருகிறீர்களா, எத்தனை பேர், சைவமா என்ற கேள்விகளுக்குக் கீழே 'இன்ஸ்லா' என்றொரு சொல் இருந்தது. ஏதோ இனிப்பு போலிருக்கிறது என்று நினைத்து, எனக்கும் மனைவி செல்விக்குமாக 'இரண்டு' என்று எழுதி அனுப்பினேன். சில நாளில் மணப்பெண்ணின் அண்ணன் ஹென்ரிக் போனில் அழைத்தார். விருந்தை முன்னின்று நடத்தும் பொறுப்பு அவருடையது.

"உங்கள் இரண்டுக்கும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

"சீக்கிரம் முடித்துவிடுவோம். நாங்கள் மெதுவாகச் சாப்பிடுகிறவர்கள் இல்லை" என்றேன்.

எதையோ குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "மைக் வேண்டுமா?" என்றார்.

அப்புறம்தான் விளங்கியது. இன்ஸ்லா என்றால் விருந்தினர்கள் சபை முன்னால் செய்யும் நிகழ்ச்சி. பேச்சு, பாட்டு, விளையாட்டு எதுவாகவும் இருக்கலாம். வந்தவர்களே வந்தவர்களை மகிழ்விக்க வேண்டும். இரண்டை ஒன்றாகக் குறைத்துக்கொள்ள மட்டும் ஹென்ரிக் சம்மதித்தார். செல்விக்கு அப்போது ஏழாவது மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏங்க, மொய் எழுதிட்டு பந்திக்குப் போற சாதி நாம. நம்மளப் போயி ஆடச் சொல்லுறாகளா?" சிரித்து முடித்ததும் அவள் முகம் வாடிவிட்டது. அடுத்த மாதம் கம்பத்தில் அவள் தங்கைக்குக் கல்யாணம். விமானத்தில் போகவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஊரான் கல்யாணத்தில் பாடவேண்டியிருக்கிறது, உடன்பிறந்தவள் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை.

எங்கள் கல்யாண ரிசப்ஷனும் கம்பத்தில்தான் நடந்தது. மதுரையிலிருந்து வரவேண்டிய பாட்டுக் குழுவின் வேன் வழியில் நின்றுவிட்டது. நானும் செல்வியும் மேடையில் மாலையோடு நிற்கிறோம். கீழே நாற்காலிகள் காலியாகிக்கொண்டிருந்தன. மேடையேறி போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் நேராகப் பந்திக்குப் போய், கை கழுவியதும் பஸ்ஸைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஜெயமங்கலத்திலிருந்து வந்திருந்த என் சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்வியின் அப்பா வாசலுக்கும் மேடைக்கும் நடந்து நடந்து வேர்த்துப்போனார். அப்போது செல்வியின் சின்னம்மா எழுந்தார். கடமலைக்குண்டில் அரிசிக்கடை வைத்திருப்பவர், கடைவீதி முழுக்கக் கேட்கிற குரல். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் அம்மாவைப் பார்த்துக் கையைத் தட்டிப் பாட ஆரம்பித்துவிட்டார்:

"சம்பந்தியம்மா வாராக சந்தனத்தைப் பூசிக்கிட்டு
பந்தியில உக்காந்தாக பத்து எலை கேட்டுக்கிட்டு!"

என் பக்கத்துப் பெண்கள் சும்மா இருப்பார்களா? என் பெரியக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்:

"பத்து எலை போட்டென்ன, பாயசத்தக் காணலையே
பொண்ணு வீட்டு அண்டாவுல தண்ணிதான கொதிக்குது!"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. பந்தியிலிருந்து எச்சில் கையோடு ஓடி வந்தார்கள். வாசல்வரை போனவர்கள் திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பாட்டுக் குழு ஒருவழியாக வந்து சேர்ந்தபோது, "ஏப்பா, கொஞ்சம் பொறுங்க. இங்கன இன்னும் முடியல" என்று அவர்களையும் உட்கார வைத்துவிட்டார் சின்னம்மா. அந்தக் கணத்தில்தான் செல்வி முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தப் பாட்டையே மாட்ஸின் கல்யாணத்தில் பாடுவது என்று முடிவு செய்தோம். நீளமான மேசையில் எல்லோரும் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பேச, அடுத்தவர் பாட, யாரும் நடுவில் எழுந்து போகவில்லை. எங்கள் முறை வந்தது. நான் பாட்டின் பொருளைச் சொன்னேன். செல்வி தாளத்துக்காகக் கரண்டியால் தட்டைத் தட்டிப் பாட ஆரம்பித்தாள். உடனே எல்லோரும் தங்கள் தட்டுகளைத் தட்டினார்கள். மாட்ஸும் மணப்பெண் லேனாவும் அவசரமாக எழுந்து நாற்காலிமேல் ஏறி நின்று முத்தமிட்டுக்கொண்டார்கள். செல்வி திகைத்து நிறுத்தினாள். அவர்கள் இறங்கினார்கள். மறுபடி தட்டினாள். மறுபடி ஏறினார்கள். விருந்தினர்கள் தட்டைத் தட்டினால் மணமக்கள் அப்படிச் செய்தாக வேண்டும் என்பது அவர்கள் வழக்கமாம். ஹென்ரிக் வந்து காதில் சொல்லும்வரை பாவம், அவர்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். லேனாவுக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு. அன்றைக்கு எங்களுடையதைவிட நல்ல இன்ஸ்லா இல்லை என்று பலரும் சொன்னார்கள்.

ஆனால் நான் பார்த்தது வேறு. செல்வி கேலியைப் பாடி முடித்துவிட்டு, கரண்டியோடு அப்படியே நின்றாள். மேசையின் எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்தவர்கள், பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டினார்கள். காரில் வரும்போது சொன்னாள்: "எல்லாரும் கைதட்டுனாக. திருப்பி ஏசத்தான் ஒருத்தரும் இல்ல."

அடுத்த மாதம் தங்கையின் ரிசப்ஷன். கம்பத்தில் மாலை நேரம், எங்களுக்கு மத்தியானம். இணையத்தில் நேரலை போட்டிருந்தார்கள். செல்வி பட்டுச்சேலை கட்டி, பூவுக்கு வழியில்லாமல் வெறும் தலையோடு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தாள். நானும் வேட்டி கட்டிக்கொண்டேன். பாட்டுக் குழு பேரிரைச்சலாகப் பாடிக்கொண்டிருந்தது. கேமரா மேடையை விட்டு நகரவில்லை. வரிசையில் ஏறுகிறவர்களின் முதுகுகளை வைத்தே, "இது மாமா, இது போடியில இருக்குற அத்தை" என்று அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாட்டுக் குழு இடைவேளை விட்டது. சட்டென்று அந்தக் குரல் கேட்டது. கேமராவும் திரும்பியது. சின்னம்மா பாடிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூட்டமாக எழுந்து பதில் கொடுத்தார்கள். நல்ல கூர்மையான பதில். எங்கள் பக்கம் அடுத்த அடி எடுக்கவேண்டும். சின்னம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மார்பில் கையை வைத்துக்கொண்டு, பின்னால் நின்ற எங்கள் பெண்களைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

செல்வி எழுந்துவிட்டாள். ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு, முழுக்குரலில் அந்த அடியைப் பாடினாள். திரையில் யாரும் திரும்பவில்லை. எங்கள் குரல் அங்கே போகாது; எங்களிடம் வருவதற்குள் நேரலையும் பின்தங்கிவிடுகிறது. சின்னம்மா திரும்பிப் பார்த்ததை நாங்கள் பார்க்கிறபோது கம்பத்தில் அது முடிந்துபோயிருக்கும், வேறு யாரோ அந்த அடியைப் பாடியிருப்பார்கள். அது செல்விக்கும் தெரியும். இருந்தும், நின்றபடியே அடுத்த அடிக்கும் மூச்சை இழுத்துக்கொண்டாள்.